ரோபோட்டிக்ஸ் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய எந்த வழி நல்லது?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பொண்ணு ஏழாவது போறா. ரோபோட்டிக்ஸ் டீம்ல சேரணும்னு ஆசைப்படுறா. எந்தப் போட்டி நல்லது? எங்கே சேர்க்கலாம்?" ஆசிரியர்கள் கேட்பது கொஞ்சம் வேறு. பள்ளிக்கு நிதி வந்திருக்கும், கிட் (ரோபோ செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கியாக வேண்டும், தலைமையாசிரியர் இந்த வருடமே ஒரு கோப்பை வரவேண்டும் என்று எதிர்பார்ப்பார். எதை வாங்குவது, எதில் கலந்துகொள்வது என்று கேட்பார்கள்.

இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். அந்தக் குழுவில் உங்கள் பிள்ளையின் கையில் என்ன வேலை இருக்கும்? பத்துப் பேர் குழுவில் இருவர் கோடிங் செய்து, ஒருவர் ரோபோவைக் கட்டி, மீதிப் பேர் சார்ட் பேப்பரில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால், எத்தனை பெரிய போட்டிக்குப் போனாலும் அந்த ஏழு பேருக்கு ரோபோட்டிக்ஸ் தெரியப்போவதில்லை. போட்டியின் பெயர், பரிசு, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அப்புறம். இந்த அளவுகோலை வைத்தே கீழே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை உள்ள, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக்

அமெரிக்காவில் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பும் லெகோ நிறுவனமும் சேர்ந்து 1998-இல் ஆரம்பித்த போட்டி இது. இந்தியாவில் பெற்றோர்களுக்கு அதிகம் தெரிந்த பெயரும் இதுவே. இதன் 'சேலஞ்ச்' பிரிவில் 9 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். குழுவில் 2 முதல் 10 பேர். ரோபோ மேசைமேல் இரண்டரை நிமிடம் தானாகவே ஓடி, பொம்மை மாதிரிகளைத் தள்ளி, தூக்கி, திருப்பி மதிப்பெண் எடுக்க வேண்டும். ரிமோட் கிடையாது. அதிகபட்சம் நான்கு மோட்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அந்த மேசையைத்தான் போட்டி என்று நினைக்கிறார்கள். மொத்த மதிப்பெண்ணில் ரோபோ ஓட்டத்துக்கு உள்ள பங்கு கால்வாசி. ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள் என்று நடுவர்களிடம் விளக்குவது இன்னொரு கால். அந்த வருடத்தின் கருப்பொருளில் ஒரு உண்மையான பிரச்சினையைத் தேடித் தீர்வு சொல்லும் புராஜெக்ட் இன்னொரு கால். குழுவாக எப்படி நடந்துகொண்டீர்கள் என்பது கடைசிக் கால்.

இந்தப் புராஜெக்ட் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. 2025-26 பருவத்தின் கருப்பொருள் தொல்லியல். தொல்லியலாளர்கள் படும் ஒரு சிரமத்தைக் கண்டுபிடித்து அதற்கு வழி சொல்ல வேண்டும். மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கீழடி அகழ்வைப்பகம் பேருந்தில் போய் வரும் தூரம். தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் கடல். நாகப்பட்டினத்துப் பிள்ளைக்குக் கடலைப் பற்றி யாரும் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணினியே பிடிக்காத, ஆனால் நாலு பேரிடம் போய்க் கேள்வி கேட்கத் தயங்காத ஒரு பெண் இந்தப் பகுதியில் குழுவையே தூக்கி நிறுத்துவாள்.

குறை என்று பார்த்தால் முதலில் நாட்காட்டி. புதிய பருவத்தின் விவரங்கள் ஆகஸ்டில் வெளிவரும். நம் பள்ளிகளில் செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. பிள்ளைகள் மேசையைப் போட்டு மாதிரிகளைக் கட்டி முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும். இரண்டாவது, நடுவர்கள் முன் பேசுவது. தமிழ்வழிப் பிள்ளைகள் இருந்தால் தமிழில் விளக்கலாமா என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மூன்றாவது, அந்தப் பத்துப் பேர் பிரச்சினை. ஆறு பேருக்கு மேல் வைத்தால் வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்க ஒரு ஆசிரியர் முழுக்கவனத்தோடு கூடவே இருக்க வேண்டும்.

வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட்

இதைச் சுருக்கமாக டபிள்யூ.ஆர்.ஓ. என்பார்கள். முதல் உலக இறுதிச்சுற்று 2004-இல் சிங்கப்பூரில் நடந்தது. 2016-இல் அது டெல்லிக்கு வந்தது. இந்தியாவில் இதை நடத்துவது இந்தியா ஸ்டெம் ஃபவுண்டேஷன். இதில் பல பிரிவுகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் தொடங்க ஏற்றது, மேசைமேல் ரோபோ தானாகவே ஓடி வேலைகளை முடிக்கும் ரோபோமிஷன். வயதுப்படி 8-12, 11-15, 14-19 என்று மூன்று நிலைகள்.

என் அளவுகோலில், லெகோ கிட்டில் செய்யும் போட்டிகளுக்குள் இது முதலிடம் பெறுவதற்குக் காரணம் குழுவின் அளவு. இரண்டு அல்லது மூன்று பேர்தான். ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் மற்றவருக்கு அந்த வேலையும் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே எல்லோரும் எல்லாவற்றையும் கற்கிறார்கள். ரோபோ புறப்படும்போது 25 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம். போட்டியன்று காலையில் 'சர்ப்ரைஸ் ரூல்' ஒன்றை அறிவிப்பார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு கூடுதல் வேலை. போட்டி நடக்கும் இடத்துக்குள் கோச் வரக்கூடாது. வேறு யாரோ எழுதிக்கொடுத்த புரோகிராமை மனப்பாடம் செய்துகொண்டு வந்த குழு அந்தக் காலை நேரத்தில் திணறிப்போகும். கையால் கற்றவர்கள் பத்து நிமிடத்தில் பேசி, ஒரு முடிவெடுத்து, வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

நாட்காட்டியும் நமக்குப் பொருந்துகிறது. புதிய விதிகள் ஜனவரியில் வெளியாகின்றன. பொங்கல் விடுமுறையில் படித்துப் பார்க்கலாம், முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் மே மாதம் முழுக்கப் பயிற்சி செய்யலாம். இந்த ஒரு வசதிக்காகவே பல பள்ளிகளுக்கு இதைப் பரிந்துரைத்திருக்கிறேன்.

செலவிலும் ஒரு நன்மை. மேசைமேல் விரிக்கும் போட்டி விரிப்பின் ('மேட்') படத்தைக் கோப்பாகவே இணையத்தில் தந்துவிடுகிறார்கள். அளவு 2362 க்கு 1143 மில்லிமீட்டர். ஊரில் எந்த ஃப்ளெக்ஸ் கடையிலும் அச்சிடலாம். பளபளப்பில்லாத ஷீட்டில் கேளுங்கள். வழக்கமான பளபளப்பு ஃப்ளெக்ஸில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்து, வண்ண சென்சார் கறுப்பை வெள்ளை என்று சொல்லும். அச்சானதும் டேப் வைத்து அளந்து பாருங்கள். கடைக்காரர் 'ஃபிட் டு பேஜ்' போட்டுவிட்டால் அளவு மாறிவிடும். மேசைக்கு ஒரு 8க்கு 4 அடி பிளைவுட் போதும், அதே மேசை லெகோ லீக்குக்கும் ஆகும்.

குறை இதில் என்னவென்றால், பேச்சுக்கும் ஆராய்ச்சிக்கும் ரோபோமிஷனில் இடமில்லை. இயந்திரத்தில் ஆர்வமில்லாத பிள்ளைக்கு இது வறட்டுப் பயிற்சியாகத் தோன்றும். அப்படிப்பட்டவர்களுக்கு, ஒரு பிரச்சினைக்கு ரோபோவால் தீர்வு செய்து நடுவர்களிடம் விளக்கும் ஃபியூச்சர் இன்னோவேட்டர்ஸ் என்ற அதே அமைப்பின் பிரிவு பொருந்தும்.

கிட் இல்லாத வழி: ஃபியூச்சர் என்ஜினியர்ஸ், ரோபோகப் ஜூனியர்

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள், கையில் லெகோ வாங்கக் காசில்லாதவர்கள், சால்டரிங் அயர்னைப் பிடிக்க ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டையும் கவனிக்க வேண்டும்.

டபிள்யூ.ஆர்.ஓ. ஃபியூச்சர் என்ஜினியர்ஸில் ஒரு சிறிய தானோட்டிக் கார் செய்ய வேண்டும். நிஜக் காரைப்போலவே முன்சக்கரம் திரும்பி ஓட வேண்டும். இரண்டு பக்க மோட்டாரை எதிரெதிராகச் சுற்றித் திருப்புவது செல்லாது. களத்தை மூன்று முறை சுற்றி வரவேண்டும். வழியில் சிவப்புத் தூண் இருந்தால் அதன் வலப்பக்கமாகவும் பச்சைத் தூண் இருந்தால் இடப்பக்கமாகவும் போக வேண்டும். தூண் எங்கே இருக்கும் என்பது போட்டியன்றுதான் தெரியும். ரோபோவின் மூளையாக ஆர்டுயினோ, ராஸ்பெரி பை, ஈ.எஸ்.பி.32 என்று எந்தச் சிறு கணினிப் பலகையை வேண்டுமானாலும் போடலாம். செய்த வேலையை எல்லாம் கிட்ஹப் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்ற வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. இந்த ஒரு விதியால், மற்ற நாட்டுக் குழுக்கள் முந்தைய வருடங்களில் செய்த வேலையை நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. நாமக்கல்லில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஜெர்மன் குழுவின் சர்க்யூட் படமும் புரோகிராமும் இலவசமாகக் கிடைப்பதைவிடச் சமமான வாய்ப்பு இந்தத் துறையில் வேறில்லை.

ரோபோகப் ஜூனியரில் கால்பந்து, மீட்பு, மேடை நிகழ்ச்சி என்று மூன்று வகை. மீட்புப் பிரிவில் வெள்ளைத் தரையில் கறுப்புக்கோட்டைப் பின்பற்றி ரோபோ போக வேண்டும். கோடு நடுவில் அறுந்திருக்கும், சந்திப்பில் பச்சைச் சதுரம் பார்த்துத் திரும்ப வேண்டும், தடையைச் சுற்றிப் போக வேண்டும், கடைசி அறையில் வெள்ளிப் பந்துகளையும் கறுப்புப் பந்துகளையும் தேடி எடுத்து உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். ஒரே போட்டிக்குள் எளிதான தொடக்கமும், வருடக்கணக்கில் முன்னேறிக்கொண்டே போக வேண்டிய கடினமான முடிவும் இருக்கின்றன. கோட்டை மட்டும் பின்பற்றும் ரோபோவை ஒரு மாதத்தில் செய்துவிடலாம்.

கையால் வேலை செய்வது என்ற அளவுகோலில் இவை லெகோவையும் தாண்டிவிடுகின்றன. ஆனால் முதல் மாதங்களில் மனச்சோர்வு அதிகம். லெகோவில் தவறு என்றால் பெரும்பாலும் புரோகிராமிலோ கட்டுமானத்திலோ இருக்கும். இங்கே கம்பி கழன்றதா, பேட்டரி இறங்கியதா, மோட்டார் டிரைவர் சூடானதா, புரோகிராம் தப்பா என்று எதையும் சந்தேகிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டு வாரம் ஓடாத ரோபோவோடு போராடினால் "எனக்கு இது வராது" என்று விலகிவிடும். அதனால்தான் ஒன்பதாம் வகுப்பு என்கிறேன். கூடவே உட்கார ஒரு பெரியவர் இருந்தால் ஏழாவதிலேயே தொடங்கலாம்.

எஃப்.டி.சி., வெக்ஸ்

ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் (எஃப்.டி.சி.) போட்டியும் வெக்ஸ் வி5 போட்டியும் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். 12 அடிக்கு 12 அடி களம், இரண்டு குழுக்களின் கூட்டணிக்கு எதிராக இரண்டு குழுக்களின் கூட்டணி, முதலில் சில நொடிகள் ரோபோ தானாக ஓடும், அப்புறம் ஜாய்ஸ்டிக்கில் மாணவர்கள் ஓட்டுவார்கள். எஃப்.டி.சி.யில் ஜாவா என்ற கணினி மொழி வரை போகலாம். ஆனால் உலோகப் பாகங்கள், மோட்டார்கள், களம், பயணம் எல்லாம் சேர்த்தால் செலவு லட்சங்களில் போகும். முதல் வருடம் வாங்கியதில் பாதியாவது இரண்டாம், மூன்றாம் வருடம் பயன்பட்டால்தான் அந்தப் பணத்துக்கு அர்த்தம். நிர்வாகம் மூன்று வருடத்துக்கு உறுதி தராத பள்ளி இதில் இறங்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கான வெக்ஸ் ஐக்யூ மட்டும் வேறு மாதிரி. அதில் இரண்டு குழுக்களின் ரோபோக்கள் எதிர்த்து நிற்காமல் சேர்ந்து ஒரு நிமிடம் விளையாடி ஒரே மதிப்பெண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. கிட் ஏற்கெனவே இருக்கும் பள்ளிக்கு நல்ல தொடக்கம்.

எங்கே பயிற்சி?

பள்ளியிலேயே அடல் டிங்கரிங் லேப் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. நிதி ஆயோக்கின் அடல் இன்னோவேஷன் மிஷன் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதில் 10 லட்சம் ஆய்வகம் அமைக்க, மீதி 10 லட்சம் அதிகபட்சம் ஐந்து வருடம் நடத்த. நாடு முழுக்க 10,000 ஆய்வகங்கள் அமைந்துவிட்டன. 2025 மத்திய பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 என்று அறிவித்தார்கள்.

ஆய்வகம் இருப்பதும் அது திறந்திருப்பதும் வேறு வேறு என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பொருள்கள் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிவிட்டன, ஒரு சென்சார் கருகினாலும் பொறுப்பு ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் பெட்டி பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கிறது. ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமையாசிரியர் ஒரு வேலை செய்தால் போதும். விலை குறைந்த சென்சார், மோட்டார், கம்பி போன்றவற்றைத் தீர்ந்துபோகும் பொருள் என்று தனியாகப் பதிவு செய்து, கெட்டுப்போவதற்கு அனுமதி தர வேண்டும். கெட்டுப்போக உரிமையில்லாத பொருளை வைத்து யாரும் எதையும் கற்க முடியாது.

நேரமும் முக்கியம். மாலையில் பயிற்சி வைத்தால் பள்ளிப் பேருந்துக்கு ஓடுபவர்கள் விடுபடுவார்கள். அதிகமாக விடுபடுவது பெண் பிள்ளைகள், ஏனென்றால் இருட்டியபின் வருவதை வீட்டில் ஒத்துக்கொள்வதில்லை. சனிக்கிழமை காலைக்கு மாற்றிப் பாருங்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே மாறிவிடும்.

தனியார் பயிற்சி மையங்களில் கிட் இருக்கும், மேசை இருக்கும், போட்டி விதிகள் தெரிந்த ஆள் இருப்பார். பள்ளியில் எதுவும் இல்லாத பிள்ளைக்கு இது உண்மையான உதவி. பணம் கட்டும் முன் ஒரு சனிக்கிழமை போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ரோபோ ஓடாமல் நின்றதும் அதை யார் கையில் எடுக்கிறார்கள்? பயிற்சியாளர் எடுத்துச் சரிசெய்து மேசையில் வைத்தால் அந்த மையம் கோப்பைக்காக நடக்கிறது. அவர் கையைக் கட்டிக்கொண்டு "எதனால நின்னுச்சுன்னு நினைக்கிறே?" என்று கேட்டால் தயங்காமல் சேர்க்கலாம். இன்னொன்றும் கேளுங்கள்: போட்டி முடிந்தபின் புரோகிராமும் குறிப்பேடும் பிள்ளையிடம் இருக்குமா? இருக்காது என்றால் வேண்டாம்.

வீட்டிலேயே தொடங்குவது மூன்றாவது வழி. ஆர்டுயினோ யூனோவின் மலிவு வகை ஒன்று, எல்298என் மோட்டார் டிரைவர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பலகை), மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் இரண்டு, ஐ.ஆர். சென்சார் சில, அக்ரிலிக் தட்டு, பேட்டரி. சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, லெகோவின் ரோபோ கிட்டான ஸ்பைக் பிரைம் பெட்டியின் அமெரிக்க விலையே 300 டாலருக்கு மேல் இருந்தது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: லெகோ கிட்டுகளுக்கு ஆயுள் உண்டு. 1998-இல் ஆர்.சி.எக்ஸ்., 2006-இல் என்.எக்ஸ்.டி., 2013-இல் ஈ.வி.3, 2020-இல் ஸ்பைக் பிரைம் என்று தலைமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இவற்றில் முதல் மூன்றும் அடங்கிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே 2022 முடிவில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே புதிய பெட்டி வாங்கும்போது அது இன்னும் எத்தனை வருடம் ஆதரவில் இருக்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பழைய ஈ.வி.3 யாராவது தந்தால் மறுக்காதீர்கள், பயிற்சிக்கு இன்றும் அருமையானது.

வீட்டு வழியில் இரண்டு எச்சரிக்கை. எல்298என் தன்னிடமே சுமார் 2 வோல்ட்டை வைத்துக்கொள்ளும். 7.4 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்கு ஐந்தரைக்குக் கீழேதான் போகும். ரோபோ மெதுவாகப் போகிறதே என்று பிள்ளை புரோகிராமைத் திருத்திக்கொண்டிருக்கும். இரண்டாவது, 18650 லித்தியம் செல்கள் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதையே வாங்குங்கள், சார்ஜ் ஏறும்போது பெரியவர் யாராவது பக்கத்தில் இருங்கள்.

பொருள் வாங்க 2,000 ரூபாயும் இல்லையென்றால் டிங்கர்கேட் தளத்தில் ஆர்டுயினோவைக் கணினித் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். இலவசம். ஸ்பைக் பிரைமுக்கு ப்ரைம்லெசன்ஸ் தளத்தில் இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன.

குழுவில் சேர்வதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

எந்தப் போட்டியானாலும் நான் முதலில் சொல்லித்தருவது அளப்பதைத்தான். 5.6 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகும்? விட்டத்தைப் பை (π, சுமார் 3.14) என்ற எண்ணால் பெருக்கினால் 17.6 செ.மீ. ஒரு மீட்டர் போக 5.7 சுற்று. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 11.2 செ.மீ. இருந்தால், நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்ப ஒவ்வொரு சக்கரமும் எதிரெதிராக எவ்வளவு சுற்ற வேண்டும்? வட்டத்தின் சுற்றளவில் கால்பங்கு 8.8 செ.மீ., அதாவது சரியாக அரைச் சுற்று. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளை தாளில் போட்டுப் பார்த்து, அதே எண்ணை ரோபோவில் கொடுத்து, அது திரும்புவதைப் பார்க்கும் நேரத்தில் முகத்தைக் கவனியுங்கள். கணக்குப் பாடத்தின்மேல் வைத்திருந்த வெறுப்பு அங்கேயே குறையத் தொடங்கும்.

அடுத்து, அந்த எண் ஏன் முழுக்கச் சரியாக வராது என்று கற்க வேண்டும். சக்கரம் வழுக்கும். பேட்டரி இறங்கினால் வேகம் மாறும். கிளம்பும்போது ரோபோ 2 டிகிரி கோணலாக இருந்தால் ஒரு மீட்டர் போனதும் மூன்றரை செ.மீ. விலகியிருக்கும். மேசையில் பல வேலைகளுக்கு அந்த விலகலே தோல்வி. எனவே ரோபோவைச் சுவரில் இடித்து நேராக்குவது, இரண்டு வண்ண சென்சார்களால் கறுப்புக்கோட்டில் நேராக நிற்பது, கைரோ சென்சாரால் திசையைத் திருத்துவது என்று வழிகள் பிறக்கின்றன. ஒரே ஓட்டத்தைப் பத்து முறை ஓடவிட்டு, எத்தனை முறை சரியாக முடிந்தது என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது வராத ஓட்டத்தைப் போட்டிக்கு எடுத்துப்போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மதிப்பெண் குறைவான ஆனால் நிச்சயமான வேலையை, மதிப்பெண் அதிகமான ஆனால் அவ்வப்போது கைகொடுக்கும் வேலைக்கு முன்னால் வைக்கப் பழக வேண்டும். பெரியவர்களுக்கே கடினமான முடிவு அது, பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள்.

வெளிச்சம் இன்னொரு பாடம். வகுப்பறையில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 90 என்று காட்டிய சென்சார், போட்டி அரங்கின் பெரிய விளக்குகளுக்குக் கீழே வேறு எண் காட்டும். நடு எண்ணை 50 என்று புரோகிராமில் எழுதிவைக்காமல், ஒவ்வோர் இடத்திலும் கறுப்பையும் வெள்ளையையும் அளந்து ரோபோவே நடு எண்ணைக் கணக்கிடும்படி எழுதக் கற்றுக்கொடுங்கள்.

கோடிங்கைப் பொறுத்தவரை ஸ்க்ராட்ச் போல, கட்டளைத் துண்டுகளை (பிளாக்) இழுத்துப்போட்டு எழுதும் முறையில் தொடங்குவது நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப இழுத்துப்போட்டுச் சலித்த அன்று, எழுத்தில் எழுதும் பைத்தான் மொழியைப் பிள்ளையே கேட்கும். அன்று கொடுங்கள்.

யாருக்கு எது?

ஆறு முதல் எட்டு வரை, பள்ளியில் ஏதாவது லெகோ கிட் இருக்கிறது, ஒரு ஆசிரியர்தான் என்றால் ரோபோமிஷன். ஒரு கிட்டுக்கு மூன்று பேர் என்று பிரித்து, ஆர்வமுள்ள எல்லோருக்கும் பள்ளிக்குள்ளேயே முதலில் ஒரு போட்டி வையுங்கள்.

இரண்டு ஆசிரியர்கள், எட்டுப் பத்துப் பிள்ளைகள், பேச்சிலும் ஆராய்ச்சியிலும் விருப்பமுள்ளவர்கள் பாதிப் பேர் என்றால் லெகோ லீக். ஆனால் ரோபோவுக்கு ஒரு அணி, புராஜெக்ட்டுக்கு ஒரு அணி என்று நிரந்தரமாகப் பிரிக்காதீர்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். நடுவர் எந்தப் பிள்ளையைப் பார்த்து "இந்தச் சக்கரத்தை ஏன் போட்டீங்க?" என்று கேட்டாலும் பதில் வரவேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, குறைந்த பணம், நல்ல பொறுமை என்றால் ஆர்டுயினோவில் தொடங்கி ஃபியூச்சர் என்ஜினியர்ஸோ ரோபோகப் மீட்போ. பத்தாம் வகுப்பில் இருப்பவரைப் புதிதாக எதிலும் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே குழுவில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, தம்பி தங்கைகளுக்குச் சொல்லித்தரும் ஆளாகச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்துபோகட்டும். சொல்லித்தரும்போதுதான் அவர்களுக்கே பல விஷயம் தெளிவாகும்.

முதல் வருடமே வெளிப்போட்டிக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்த ஜூனில் தொடங்கும் பள்ளியாக இருந்தால் காலாண்டு வரை அளப்பதும் கோட்டைப் பின்பற்றுவதும், அரையாண்டு வரை முந்தைய வருட ரோபோமிஷன் விரிப்பை அச்சிட்டு அதில் பயிற்சியும் போதும். முடிந்தால் பக்கத்து ஊரில் நடக்கும் ஒரு போட்டிக்குப் பார்வையாளராகப் பிள்ளைகளை அழைத்துப்போங்கள், மற்ற குழுக்களிடம் அவர்களே போய்க் கேள்வி கேட்கட்டும். ஜனவரியில் புதிய விதிகள் வந்ததும் அச்சடித்து, பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்களையே படித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்த மூன்று பேரின் பெயரை அந்த வருடத்துக்குப் பதிவு செய்யலாம்.